போமற் அடிப்பதற்கு முன்

திருகோணமலையில் கொம்பியூட்டர் திருத்தும் எந்தக் கடைக்குள் போனாலும் ஒரே பேச்சுத்தான் காதில் விழும். "அக்கா, இதுக்குப் போமற் அடிக்க வேணுமோ?" என்று கேட்பார்கள். நாங்கள் வாய் திறக்க முதல் அடுத்த கேள்வி வரும்: "உள்ளுக்கு இருக்கிறதெல்லாம் போயிடுமோ?" கால் நூற்றாண்டுக்கு மேலாக இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவில்தான் எங்கள் தொழில் நடந்துவருகிறது.

கெட்டுப்போன இயங்குதளத்தைத் திருத்தி எடுப்பதா, அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவதா என்பது வெறும் தொழில்நுட்ப விஷயம் என்று படித்தவர்கள் சொல்வார்கள். எங்கள் ஊரில் அது அப்படி இருந்ததில்லை. கந்தளாய் வீதி திறந்திருந்ததா, கரண்ட் இருந்ததா, நல்ல சிடி ஒன்று கைக்குக் கிடைத்ததா என்பவையெல்லாம் சேர்ந்துதான் அதைத் தீர்மானித்தன. பெட்டிக்குள் கிடப்பதற்கு வேறெங்காவது பிரதி உண்டா என்று முதலில் கேட்டவர்கள் நல்ல தொழிலாளிகளாக இருந்தார்கள். அந்தக் கேள்வி மெல்ல மெல்லப் பின்னுக்குப் போனதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். இந்தக் கதையை எழுதுவதும் அதனால்தான்.

1988இல் வடக்கு-கிழக்கு மாகாண சபை திருகோணமலையைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கத் தொடங்கியது. சுற்றறிக்கை, நியமனக் கடிதம், இடமாற்றப் பட்டியல் என்று தமிழில் அடிக்க வேண்டிய வேலை ஊருக்கு வந்தது. தொண்ணூறுகளில் தட்டச்சுப் பொறியின் இடத்தைக் கொம்பியூட்டர் பிடித்தபோது, கச்சேரியையும் நீதிமன்றத்தையும் நம்பி வாழ்ந்த சிறிய கடைகளும் அதற்கு மாறின. போட்டோக் கொப்பி, வெளிநாட்டுத் தொலைபேசி, தமிழ் டைப்பிங் மூன்றும் ஒரே கூரையின் கீழ் இருந்த இந்தக் கடைகளைக் 'கொமினிகேஷன்' என்போம். நான் தொழில் பழகியது அப்படியொரு கடையில்தான். பகலில் விண்ணப்பம் அடிப்போம். பொறி மக்கர் பண்ணினால் பின்னேரம் நாங்களே திறந்து பார்ப்போம். திருத்துவதற்கென்று தனிக்கடை அப்போது கிடையாது.

அந்தக் காலத்தில் புதிதாகப் போடுவது கடைசி வழி. விண்டோஸ் 95ஐ பிளொப்பியில் வைத்திருந்தவர்களிடம் 13 பிளொப்பிகள் இருக்கும். கடற்கரை ஈரத்தில் ஒன்றில் பூஞ்சணம் பிடித்தாலும் மற்றப் பன்னிரண்டும் வீண். சிடி வேண்டுமென்றால் கொழும்பிலிருந்து வர வேண்டும். பம்பலப்பிட்டி யூனிற்றி பிளாசாவில் வாங்கிய சாமான், ஹபரணை தாண்டிக் கந்தளாய் ஊடாக, சோதனைச் சாவடிதோறும் இறக்கி ஏற்றி இங்கே வந்து சேரும். ஆகவே திருத்திப் பார்க்காமல் யாரும் அழிக்கத் துணிவதில்லை.

விண்டோஸ் 98 அதற்கு இடமும் கொடுத்தது. அது தன் பதிவேட்டை, அதாவது எந்த மென்பொருள் எங்கே இருக்கிறது, எந்தச் சாதனம் எப்படி இயங்க வேண்டும் என்ற குறிப்புகளை, பிரதி எடுத்து வைக்கும். ஐந்து பிரதிகள் வரை கையிருப்பில் இருக்கும். டொஸ் திரையில் 'ஸ்கான்ரெக்', ஒரு சாய்கோடு, 'ரீஸ்ரோர்' என்று அடித்தால் அந்தப் பிரதிகள் திகதியோடு வரிசையாக வரும். நல்லாக இருந்த நாள் எதுவென்று உரிமையாளரிடம் கேட்டு, அந்தத் திகதியைத் தெரிவு செய்வோம். பத்து நிமிடத்தில் பொறி எழும்பிவிடும். "எப்ப கடைசியா ஒழுங்கா வேலை செய்தது?" என்று வந்தவரிடம் பொறுமையாகக் கேட்கும் பழக்கம் எங்களுக்கு அங்கிருந்துதான் வந்தது.

அழிக்கத் தயங்கியதற்கு இன்னொரு காரணம் பாமினி. இலங்கையில் தமிழ் அடித்தவர்களில் பெரும்பாலானோர் பாவித்த எழுத்துரு அது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை உட்காரவைத்த பழைய முறை. புதிதாக விண்டோஸ் போட்ட பொறியில் பாமினி இருக்காது. அதில் 'தமிழ்' என்று அடித்திருந்த கோப்பைத் திறந்தால் ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி என்று தெரியும். கோப்பு பத்திரமாகத்தான் இருக்கும். எழுத்துருவைப் போட்டதும் தமிழ் திரும்பிவிடும். இது தெரியாத அலுவலகங்களில் "வைரஸ் எல்லாத்தையும் குழப்பிப்போட்டுது" என்று நல்ல கோப்புகளையே அழித்தார்கள். சிங்களத்தில் எஃப்எம் அபய எழுத்துருவில் அடித்தவர்களுக்கும் இதே கதிதான். மூன்று மொழியிலும் அலுவல் நடக்கும் ஊரில், எழுத்துருக் கோப்புறையைப் பிரதி எடுக்காமல் போமற் அடித்தவன் பாதி வேலைதான் செய்தான் என்போம். இலங்கையின் தமிழ் யூனிகோட் நியமம் 2008இல் வந்த பிறகும் பழைய பாமினிக் கோப்புகள் இன்றும் வருகின்றன.

1999 ஏப்ரல் 26. சிஐஎச் என்ற வைரஸ், செர்னோபில் விபத்து நடந்த அதே திகதியில், உலகெங்கும் பொறிகளைத் தாக்கியது. ஹாட் டிஸ்கின் தொடக்கப் பகுதியை அது மேலெழுதிக் கெடுத்தது. சில தாய்ப்பலகைகளில், பொறியை எழுப்பும் நிரலான பயொஸையும் அழித்தது. பயொஸ் போன பொறிக்கு விண்டோஸ் சிடி எதுவும் செய்யாது. திருத்துவதா புதிதாகப் போடுவதா என்று கேட்பதற்கு முன்னால் பொறி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதை அந்த வைரஸ் எங்கள் தலைமுறைக்குப் படிப்பித்தது.

2002 பெப்ரவரியில் யுத்தநிறுத்த உடன்படிக்கை வந்தது. வீதிகள் திறந்தன. தொண்டு நிறுவனங்கள் வந்தன. இன்ரநெற் கடைகள் முளைத்தன. விண்டோஸ் எக்ஸ்பி பரவியது. எக்ஸ்பி சிடியில் 'ஆர்' என்ற எழுத்து இரண்டு தரம் வரும். முதல் திரையில் 'ஆர்' அழுத்தினால் கட்டளைகள் அடிக்கும் கறுப்புத் திரைக்குப் போகும். முதல் திரையில் அதற்குப் பதிலாக எண்டர் அழுத்தி, எஃப் 8இல் உடன்பட்டு, பழைய விண்டோஸைச் சிடி கண்டுபிடித்த பின் வரும் இரண்டாவது 'ஆர்'தான் எங்களுக்கு வேண்டியது. அது கோப்புகளையும் போட்டிருந்த மென்பொருட்களையும் தொடாமல் விண்டோஸை மட்டும் மேலே போட்டுத் தரும். புதிதாகப் பழக வந்த பொடியள் முதலாவது 'ஆர்'ஐ அழுத்தி, கறுப்புத் திரையைப் பார்த்து மிரண்டு, நேரே போமற் அடித்துவிடுவார்கள். இரண்டாவது 'ஆர்' வரைக்கும் போகும் பொறுமைதான் அந்தக் காலத் தொழில் திறமை.

புதிதாகப் போட்டால் எல்லாம் சரியாகும் என்ற நம்பிக்கையை 2003 ஓகஸ்ட் உடைத்தது. பிளாஸ்ரர் என்ற புழு வந்து, அறுபது விநாடி எண்ணிவிட்டுப் பொறியை நிறுத்தி ஏற்றியது. பயந்துபோய் போமற் அடித்தார்கள். புதிதாகப் போட்ட எக்ஸ்பியில் அதே ஓட்டை அப்படியே இருந்தது. இன்ரநெற்றில் இணைத்த சில நிமிடங்களில் மீண்டும் அறுபது விநாடி எண்ணத் தொடங்கும். தீர்வு, ஜூலையிலேயே மைக்ரோசொஃப்ட் வெளியிட்டிருந்த ஒரு சிறிய திருத்தக் கோப்பில் இருந்தது. அதை முதலில் போட்டு, பிறகு வயரைச் செருக வேண்டும். நோயின் காரணம் தெரியாமல் அழிப்பது வேலையே அல்ல என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

2004 டிசம்பர் 26ஆம் திகதிச் சுனாமிக்குப் பிறகு வந்த பெட்டிகளைப் பற்றி எழுதும்போது இன்றும் கை தயங்குகிறது. திருகோணமலை மாவட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்டுபோனது. கிண்ணியா வைத்தியசாலையே அழிந்தது. சேறு காய்ந்த சிபியுப் பெட்டிகள் வந்தன. கொண்டுவந்தவர்கள் விண்டோஸைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. "படம் மட்டும் எடுத்துத் தாங்கோ" என்றார்கள். உப்புத் தண்ணீர் பட்ட டிஸ்குக்கு மின் கொடுத்தாலே கெடும். அவசரத்தில் வீட்டிலேயே போட்டுப் பார்த்தவர்களின் டிஸ்குகளில் பெரும்பாலும் எதுவும் மிஞ்சவில்லை. யாரும் தொடாமல் கொண்டுவந்தவற்றில் சிலதைக் காப்பாற்ற முடிந்தது. கொம்பியூட்டரில் விலைமதிப்புள்ளது எது என்பது அந்த மாதத்தில் ஊருக்கே தெரிந்தது.

இந்தத் துறைமுகத்தில் நடந்த பழைய சம்பவம் ஒன்றை நான் பழக வரும் பிள்ளைகளுக்குச் சொல்வதுண்டு. இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியக் கடற்படை இங்கே ஒரு மிதக்கும் கப்பல் திருத்துதளத்தை வைத்திருந்தது. 1944 ஓகஸ்ட் 8இல் 'வேலியன்ற்' என்ற போர்க்கப்பலை அதில் ஏற்றித் தூக்கியபோது, தாங்கிகளிலிருந்து நீரை வெளியேற்றிய முறை பிழைத்து, பாரம் தாங்காமல் தளமே முறிந்து மூழ்கியது. பழுது பார்க்கப் போன கப்பலும் சேதப்பட்டது. எங்கள் தொழிலில் அந்தத் தளத்தின் இடத்தில் ஹாட் டிஸ்க் இருக்கிறது. கெட்டுப்போகும் டிஸ்கின் மேல் திருத்தினாலும் பாரம், புதிதாகப் போட்டாலும் பாரம்; இரண்டும் அதை முறிக்கும். முதலில் டிஸ்கைப் பார். பிறகு ராமைக் கழற்றி, அதன் பொன்னிறக் கால்களைப் பென்சில் அழிறப்பரால் தேய்த்துப் பார். உட்துறைமுக வீதியில் அடிக்கும் உப்புக் காற்றில் அந்தக் கால்கள் கறுக்கும். பொறி நடுவில் நிற்கும். பழி விண்டோஸில் விழும். இறப்பரால் தீர்ந்த பல கேஸ்களுக்கு வேறு இடங்களில் போமற் அடித்துக் காசும் வாங்கியிருந்தார்கள்.

2006இல் மாவிலாறு, மூதூர், சம்பூர் என்று சண்டை மூண்டது. இடம்பெயர்ந்த சனங்கள் காணி உறுதி, பிறப்பத்தாட்சிப் பத்திரம் என்று எல்லாவற்றுக்கும் பிரதி தேடி அலைந்தார்கள். அதே காலத்தில் பென் டிரைவ் வைரஸ்கள் பெருகின. மூதூர் லோஞ்சிலும் கிண்ணியா மிதவைப் பாதையிலும் சிபியு பெட்டிகள் ஏறி வந்தன. கிண்ணியாப் பாலம் 2009இல்தான் திறந்தது. நொத்தாரிசு ஒருவரின் எழுதுவினைஞர் கொண்டுவந்த பெட்டி நினைவில் நிற்கிறது. உறுதி வரைபுகள் இருந்த கோப்புறைகள் எல்லாம் குறுக்குவழிச் சின்னங்களாக மாறியிருந்தன; திறந்தால் ஒன்றுமில்லை. வேறொரு கடையில் "எல்லாம் போச்சு, போமற் அடிப்பம்" என்று சொல்லியிருந்தார்கள். நான் டிஸ்கின் கொள்ளளவைப் பார்த்தேன். கோப்புகள் பிடித்திருந்த இடம் குறையவே இல்லை. 'அற்றிப்' என்ற கட்டளையால் மறைப்புக் குறிகளை நீக்கியதும் கோப்புறைகள் வரிசையாக வந்து நின்றன. வைரஸ் எதையும் அழிக்கவில்லை, ஒளித்து மட்டும்தான் வைத்திருந்தது. "ஒண்டும் போகேல்லையோ தங்கச்சி?" என்று அந்த ஐயா திரும்பத் திரும்பக் கேட்டார். போமற் அடித்திருந்தால் அந்தக் குடும்பங்களின் வரைபுகளை அழித்தவர்கள் நாங்களாக இருந்திருப்போம்.

அதே ஆண்டுகளில் தபாலில் வந்த ஓர் உதவியையும் சொல்ல வேண்டும். 2005 முதல் 2011 வரை உபுண்டு என்ற இயங்குதளத்தின் சிடியை உலகில் யார் கேட்டாலும் இலவசமாக அனுப்பினார்கள். எங்கள் தபாற்கந்தோருக்கும் வந்தது. அதைப் போட்டுப் பொறியை எழுப்பினால், கெட்ட விண்டோஸைத் தொடாமலே உள்ளே இருப்பதைப் பிரதி எடுக்கலாம். அழிப்பதா திருத்துவதா என்று நிதானமாக யோசிக்க அந்தச் சிடி எங்களுக்கு நேரம் தந்தது.

யுத்தம் முடிந்தபின் வேகம் வந்தது. நோர்ட்டன் கோஸ்ற் என்ற மென்பொருளைக் கொண்டு, எல்லா மென்பொருளும் போட்ட ஒரு பிரதியை இருபது நிமிடத்தில் பொறிக்குப் பொறி இறக்க முடிந்தது. மணிக்கணக்கில் காரணம் தேடுவதற்கும் கூலி அதேதான். ஆகவே தொழில் அழிக்கும் பக்கம் சாய்ந்தது. கடை வாடகை கட்ட வேண்டியவர்களின் கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு தலைமுறை தொழிலாளிகள் நோயைக் கண்டுபிடிக்கவே பழகாமல் வளர்ந்தார்கள் என்பதையும் சொல்லாமல் விட முடியாது.

2022இன் பொருளாதார நெருக்கடி அந்தச் சாய்வைத் திருப்பியது. மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியால மின்வெட்டு. விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் பாதியில் நின்ற பொறி எழும்பாது. 200 ரூபாயளவில் இருந்த டொலர் சில மாதங்களில் 350ஐத் தாண்டியதால் புது டிஸ்க் வாங்கவும் வழியில்லை. மறுபடி திருத்தப் பழகினோம். பாதியில் நின்ற புதுப்பித்தலைப் பின்வாங்கவைப்பது, சேதமான அமைப்புக் கோப்புகளைக் கண்டு மாற்றுவது, கோப்புகளை வைத்துக்கொண்டு விண்டோஸை மேலே போடுவது எல்லாம் இன்றைய பொறிகளிலேயே இருக்கின்றன; பாவிக்கத்தான் ஆள் வேண்டும்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14இல் முடிந்தது. 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், பழைய பொறிகள் பலவற்றில் அது இல்லை. பள்ளிக்கூடங்களிலும் சிறிய அலுவலகங்களிலும் புதிதாகப் போடும் வேலை இப்போது நிறைய நடக்கிறது. அத்தோடு புது ஆபத்தொன்றும் வந்திருக்கிறது: அண்மைய விண்டோஸ் 11, மைக்ரோசொஃப்ட் கணக்கோடு புதிதாகப் போடும்போது டிஸ்கைத் தானாகவே பூட்டிக்கொள்ளும். 48 இலக்க மீட்புச் சாவி அந்தக் கணக்கில் கிடக்கும். கணக்கின் கடவுச்சொல்லை யாரும் எழுதி வைக்காவிட்டால், பொறி கெட்ட நாளில் உபுண்டு சிடியும் உதவாது, நானும் உதவ முடியாது. ஆகவே புதிதாகப் போட்டுக் கொடுக்கிறவர் அந்தச் சாவியைத் தாளில் எழுதி உரிமையாளர் கையில் கொடுக்க வேண்டும். அதை நான் கட்டாயமாகச் செய்கிறேன்.

தொழிற்பயிற்சி வகுப்புகளில் விண்டோஸ் போடுவதை முதல் பாடமாகப் படிப்பிக்கிறார்கள். அதை நான்காவது பாடமாக்குங்கள் என்று கேட்கிறேன். முதலாவது, டிஸ்கும் ராமும் நல்லாக இருக்கின்றனவா என்று பார்ப்பது. இரண்டாவது, உள்ளே இருப்பதை எழுத்துருக்களோடு பிரதி எடுத்து, உரிமையாளரை அருகில் இருத்தித் திறந்து காட்டுவது. மூன்றாவது, காரணத்தைத் தேடித் திருத்துவது. அதற்கு ஒரு நேர எல்லை வைத்துக்கொள்வதில் தவறில்லை. வைரஸ் அடிவரை ஊறிய பொறியையும், திருத்தத் திருத்த விழும் பொறியையும் அழித்துப் புதிதாகப் போடத்தான் வேண்டும். அந்த முடிவையும் பொறியின் சொந்தக்காரரிடம் காரணம் சொல்லி, அவர் சம்மதித்த பிறகு எடுக்க வேண்டும். கடலும் சண்டையும் வீட்டுக்கு வீடு கடதாசிகளைக் கொண்டுபோன மாவட்டம் இது. மிஞ்சியவற்றின் ஒரே பிரதி பல வீடுகளில் ஒரு பழைய டிஸ்கில் கிடக்கிறது. அதைக் கையில் வாங்குகிற பிள்ளைக்கு, எந்தக் கட்டளையையும் படிப்பிக்க முதல், பிரதி எடுக்கப் படிப்பிப்போம்.