வக்கீலுக்குக் காசில்லை என்பதற்காக உரிமையை விட்டுவிட வேண்டுமா?

எமது ஊர்களில் ஒரு குடும்பம் கஷ்டத்தில் விழுந்தால் முதலில் தட்டப்படும் கதவு பள்ளிவாசல். அடுத்தது உறவினர் வீடு. அரசாங்கம் சட்டப்படி தர வேண்டியதைக் கேட்டுப் பிரதேச செயலகத்துக்கோ சட்ட உதவி நிலையத்துக்கோ போவது கடைசி நிலையில்தான். பலர் அந்தக் கடைசி நிலைக்கும் போவதில்லை. "கோடு கச்சேரி என்று அலைய எங்களால் முடியுமா?" என்ற ஒரு கேள்வியோடு விடயம் முடிந்துவிடுகிறது. அதனால் நட்டப்படுவது பெரும்பாலும் விதவைகளும், கணவன் கைவிட்ட பெண்களும், அவர்களின் பிள்ளைகளுமே. எனவே எங்கே எதைக் கேட்கலாம் என்பதைச் சுருக்கமாகத் தொகுத்துத் தருகிறோம்.

சட்ட உதவி ஆணைக்குழு

1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட அரச நிறுவனம் இது. தலைமை அலுவலகம் கொழும்பு புதுக்கடையில் உள்ளது. நாட்டின் பல பகுதிகளில், பெரும்பாலும் நீதிமன்ற வளாகங்களிலேயே, இதன் பிராந்திய நிலையங்கள் இயங்குகின்றன. சட்ட ஆலோசனை பெறலாம். வருமானம் குறைந்தவர் என்பது உறுதியானால் ஆணைக்குழுவின் சட்டத்தரணியே உங்களுக்காக நீதிமன்றத்தில் தோன்றுவார். இதற்கான வருமான எல்லை காலத்துக்குக் காலம் மாற்றப்படுவதால், "எனக்குக் கிடைக்காது" என்று நீங்களே முடிவு செய்துவிடாமல் நேரில் போய்க் கேளுங்கள். தேசிய அடையாள அட்டை, வருமானம் பற்றிய கிராம உத்தியோகத்தரின் சான்று, பிரச்சினையோடு தொடர்புடைய கடிதங்கள், பத்திரங்கள் ஆகியவற்றைக் கையோடு கொண்டு செல்வது நல்லது.

காதி நீதிமன்றமும் தாபரிப்பும்

எமது சமூகத்துக்கு மட்டும் உரிய ஒரு சிக்கல் இங்கே இருக்கிறது. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி மனைவி, பிள்ளைகளுக்கான தாபரிப்பு, இத்தா காலச் செலவு, மஹர், கைக்கூலியை மீளப் பெறுதல் போன்ற கோரிக்கைகள் காதியிடமே முன்வைக்கப்படுகின்றன. காதி முன்னிலையில் சட்டத்தரணிகள் தோன்ற முடியாது. வசதியுள்ளவர், இல்லாதவர் இருவருக்கும் இது பொதுவான விதிதான். ஆனால் பேசிப் பழக்கமில்லாத ஒரு பெண், ஊரில் செல்வாக்குள்ள கணவன் வீட்டாருக்கு எதிரே தனியாக நிற்கும்போது அந்தச் சமத்துவம் பெயரளவில்தான் இருக்கிறது.

சட்டத்தரணி உள்ளே வர முடியாதே தவிர, போகுமுன் சட்ட ஆலோசனை பெறத் தடை ஏதுமில்லை. கோரிக்கையை எழுத்தில் கொடுங்கள். பிள்ளைகளின் பாடசாலைச் செலவு, மருந்துச் செலவு, வீட்டு வாடகை ஆகியவற்றைக் கணக்காக எழுதிப் பற்றுச்சீட்டுகளோடு வையுங்கள். கணவன் என்ன தொழில் செய்கிறார், எங்கே செய்கிறார் என்ற விபரத்தையும் சேருங்கள். தீர்ப்பின் உறுதிப்படுத்தப்பட்ட பிரதியைக் கேட்டு வாங்குங்கள்.

கட்டளையிட்ட பின்பும் கணவன் பணம் கட்டாவிட்டால் விடயம் அங்கே முடிந்துவிடுவதில்லை. நிலுவைத் தொகையை அறவிடுவதற்காகக் காதி அதனை நீதவான் நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். அங்கே அத்தொகை தண்டப்பணம் போன்று அறவிடப்படும். நீதவான் நீதிமன்றத்தில் சட்டத்தரணி தோன்றலாம் என்பதால், சட்ட உதவி ஆணைக்குழுவின் உதவி இந்தக் கட்டத்தில் மிகவும் பயன்படும். எந்த மாதம் எவ்வளவு கிடைத்தது, எவ்வளவு கிடைக்கவில்லை என்பதை ஒரு கொப்பியில் திகதியோடு எழுதி வாருங்கள். காதியின் தீர்ப்பில் திருப்தி இல்லையென்றால் காதிகள் சபைக்கு மேன்முறையீடு செய்யலாம். அதற்குக் காலவரையறை உண்டு, தாமதிக்கக் கூடாது.

வீட்டு வன்முறை

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் எல்லாச் சமூகத்தவருக்கும் பொதுவானது. இது காதியிடம் செல்லும் விடயமல்ல. நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பித்து முதலில் 14 நாட்கள் வரையான இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளையையும், விசாரணையின் பின் 12 மாதங்கள் வரையான பாதுகாப்புக் கட்டளையையும் பெறலாம். பாதிக்கப்பட்டவர் சார்பில் பொலிஸ் அதிகாரியும் விண்ணப்பிக்கலாம். இந்தக் கட்டளையைப் பெறுவது விவாகரத்துக் கேட்பது ஆகாது. அவசர ஆலோசனைக்குப் பெண்கள் 1938 என்ற இலக்கத்தையும், சிறுவர் தொடர்பில் 1929 என்ற இலக்கத்தையும் அழைக்கலாம்.

அஸ்வெசும

2002ஆம் ஆண்டின் நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ் 2023 ஜூலை மாதம் முதல் நடைமுறைக்கு வந்த கொடுப்பனவுத் திட்டம் இது. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலைமை, குடும்ப அமைப்பு ஆகிய 6 விடயங்களை 22 குறிகாட்டிகள் மூலம் அளந்து புள்ளி வழங்கப்படுகிறது. 2025 ஜனவரி முதல் வறிய குடும்பத்துக்கு மாதம் 10,000 ரூபாவாகவும், மிகவும் வறிய குடும்பத்துக்கு 17,500 ரூபாவாகவும் தொகை உயர்த்தப்பட்டது. முதியோர், மாற்றுத்திறனாளிகள், சிறுநீரக நோயாளர் ஆகியோருக்கான உதவித் தொகைகளும் இத்திட்டத்தோடு இணைக்கப்பட்டுள்ளன.

பட்டியலில் பெயர் வராதவர்கள் "யாருக்கோ கொடுத்துவிட்டார்கள்" என்று குறை சொல்வதோடு நின்றுவிடுகிறார்கள். மேன்முறையீட்டுக் காலம் அறிவிக்கப்படும்போது பிரதேச செயலகத்தின் ஊடாக மேன்முறையீடு செய்ய வேண்டும். ஏன் மறுக்கப்பட்டது என்று தெரியாவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கைகொடுக்கும். பிரதேச செயலகத்தின் தகவல் அதிகாரிக்குத் தமிழிலேயே எழுதி, உங்கள் விண்ணப்பத்துக்கு வழங்கப்பட்ட புள்ளிகளையும் மறுப்புக்கான காரணத்தையும் கேட்கலாம். தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவை அவர் 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும்.

கடை ஊழியர்களின் குடும்பங்கள்

புடவைக் கடைகளிலும் ஹோட்டல்களிலும் பல ஆண்டுகள் உழைத்தவர் மரணித்தபின், அவரது ஊழியர் சேமலாப நிதியைப் பற்றி விசாரிக்காத குடும்பங்கள் பல. ஊழியரின் சம்பளத்தில் 8 வீதமும் முதலாளியின் பங்காக 12 வீதமும் அந்த நிதிக்குச் செலுத்தப்பட வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு மேலும் 3 வீதத்தை முதலாளி செலுத்த வேண்டும். 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் 5 ஆண்டுகள் பூர்த்தி செய்தவருக்குப் பணிக்கொடையும் உண்டு. பணம் செலுத்தப்படவில்லை என்றால் தொழில் அலுவலகத்தில் முறையிடலாம். அதற்குச் சட்டத்தரணி தேவையில்லை. முதலாளியும் எமது சகோதரர்தானே என்று தயங்க வேண்டியதில்லை. தொழிலாளியின் கூலியைக் கொடுக்காமல் வைத்திருப்பது மார்க்கத்திலும் பாரதூரமான குற்றம்.

பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கு ஒரு வார்த்தை

ஸகாத்தையே வறியவரின் உரிமை என்று கற்பிக்கும் மார்க்கம் எமது. அப்படியிருக்க, அரசிடம் உரியதைக் கேட்பதை யாசகமாகப் பார்ப்பது எப்படிச் சரியாகும்? பைத்துல்மால் மூலம் ஒரு மாதத்துக்கு உலர் உணவு கொடுக்கலாம். அதே குடும்பத்துக்கு ஒரு விண்ணப்பத்தைச் சரியாக நிரப்பிக் கொடுத்தால் மாதந்தோறும் வருமானம் வரும். ஒவ்வொரு ஜமாஅத்திலும் படித்த இளைஞர்கள், ஓய்வுபெற்ற அதிகாரிகள், சட்டக் கல்லூரி மாணவர்கள் இருக்கிறார்கள். வாரத்தில் ஒரு நாள், இரண்டு மணி நேரம், விண்ணப்பம் நிரப்பவும் கடிதம் எழுதவும் அவர்களை அமர்த்தலாம். மேன்முறையீட்டுத் திகதிகளை ஜும்ஆவுக்குப் பின் அறிவிக்கலாம். பெண்கள் தயங்காமல் பேசுவதற்குப் பெண் ஒருவரும் அங்கே இருப்பது அவசியம். கேட்டவற்றை வெளியில் பேசாத அமானிதமும் வேண்டும்.

இதற்குப் பெரிய நிதி எதுவும் தேவையில்லை. ஒரு மேசை, இரண்டு கதிரை, விடயம் தெரிந்த இருவர் போதும். அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் இதனை ஒரு விடயமாக எடுத்துக்கொள்வார்களா?