கொழுஞ்சியா, அவுரியா?



நம் பழைய மாணவர் ஒருவர், குத்தகைக்கு எடுத்த வயலில் நிற்கும் செடியைப் படமெடுத்து அனுப்பி, "இது அவுரியா டீச்சர்? களைக்கொல்லி அடித்துவிடலாமா?" என்று கேட்டிருந்தார். தம்பி, மருந்தைக் கீழே வையுங்கள். அது கொழுஞ்சி.

இரண்டும் அவரைக் குடும்பம், இரண்டுக்கும் கூட்டிலை. அதனால்தான் இந்தக் குழப்பம். ஒரு சிற்றிலையின் நுனியைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். கொழுஞ்சி இலை நரம்போடு சாய்வாக, அம்பு முனைபோலக் கிழியும். அவுரி அப்படிக் கிழியாது. காயையும் பாருங்கள்: கொழுஞ்சிக் காய் தட்டை, நுனி சற்றே மேல்நோக்கி வளைந்திருக்கும், அவுரிக் காய் உருண்டு மெலிந்தது. கொழுஞ்சியின் ஊதாப் பூங்கொத்து இலைக்கு எதிர்ப்பக்கம் வரும். அவுரியில் இலைக்கக்கத்தில் வரும். பிடுங்கினால் எளிதில் வராது, ஆணிவேர் ஆழம். பல ஆண்டு வாழும் செடியாயிற்றே!

இதற்கு ஒரு பழைய வரலாறு உண்டு. 1672இல் டச்சுக் கம்பெனியின் மருத்துவராக இலங்கைக்கு வந்த பால் ஹெர்மன் அங்கே செடிகளை உலர்த்திச் சேர்த்தார். அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து அந்தத் தொகுப்பு லின்னேயஸ் கைக்குப் போனது. அதை வைத்து அவர் 1747இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றி நூல் எழுதினார். 1753இல் கொழுஞ்சிக்கு 'கிராக்கா பர்பூரியா' என்று பெயரிட்டார். பர்பூரியா என்றால் ஊதா. 1807இல் பெர்சூன் அதை 'டெப்ரோசியா' ஆக்கினார். சாம்பல் நிறம் என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. நம் உழவர்களுக்கு அது என்றும் கொழுஞ்சிதான்.

அவுரிக்கோ வேறு கதை. நீலச் சாயத்துக்காகக் கம்பெனிக்காரர்கள் அதைத் துரத்தித் துரத்திப் பயிரிட வைத்தார்கள். 1897இல் ஜெர்மனியின் செயற்கை நீலம் சந்தைக்கு வந்ததும் சாகுபடி சரிந்தது. சாயம் தராத கொழுஞ்சியை அவர்கள் சீண்டவில்லை. அதுவும் நல்லதுக்குத்தான்.

நெல் அறுத்த வயலில் விதைத்து, பின்பு மடக்கி உழுதால் தழையுரம். வேர் முடிச்சுகள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தரும். ஆடுமாடு மேயாது, வேலி வேண்டாம். விதைத்தோல் கடினமானது; மணலோடு தேய்த்து விதைத்தால்தான் சீராக முளைக்கும். ஒருமுறை விதைத்துவிட்டால், உதிர்ந்த விதையிலிருந்தே அடுத்த ஆண்டும் வரும்.

தம்பி, காய் காய்ந்ததும் பறித்து வையுங்கள். எனக்கும் ஒரு பிடி வேண்டும், வீட்டுத் தென்னைக்குக் கீழே போட.