நித்தியகல்யாணிச் செடிக்கும் ரத்தப் புற்றுநோய் மருந்துக்கும் என்ன தொடர்பு?

வீவக புளோக்குகளின் பூந்தொட்டிகளில் இளஞ்சிவப்பாகவும் வெள்ளையாகவும் பூத்திருக்கும் நித்தியகல்யாணியைப் பார்த்திருப்பீர்கள். தேக்கா கடைகளில் தொடுக்கும் மல்லிகை, சாமந்திக்கு இருக்கும் மவுசு அதற்குக் கிடையாது. ஆனால் பிள்ளைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய்க்கான முக்கிய மருந்துகளில் ஒன்று அந்தச் செடியிலிருந்துதான் வந்தது. பெயர் வின்கிரிஸ்டின்.

அது உடலுக்குள் என்ன செய்கிறது?

உயிரணு எப்படிப் பிரிகிறது?

நம்ம உடலின் பெரும்பாலான உயிரணுக்களில் 46 குரோமோசோம்கள் உண்டு. உயிரணு பிரியுமுன் ஒவ்வொன்றும் நகலெடுக்கப்பட்டு, ஜோடியாக ஒட்டியிருக்கும். அந்த ஜோடிகளைப் பிரித்து இரு பக்கமும் இழுத்துச் செல்ல உதவுபவை நுண்குழாய்கள். டியூபுலின் எனும் புரதத்தால் ஆனவை. விட்டம் சுமார் 25 நானோமீட்டர்தான். தேவைக்கேற்ப நீளும், சுருங்கும்.

'சரி, கிளம்பலாம்' என்று சொல்வது யார்?

பள்ளிச் சுற்றுலாவில் ஒரு மாணவர் குறைந்தாலும் ஆசிரியர் பேருந்தை எடுக்க விடமாட்டார் இல்லையா? அதே கதைதான் இங்கும். ஒரே ஒரு குரோமோசோமில் நுண்குழாய் சரியாக மாட்டாவிட்டாலும் 'மேட்2' போன்ற கட்டுப்பாட்டுப் புரதங்கள் பிரிவை நிறுத்திவைக்கும். எல்லாம் மாட்டியதும் தடை நீங்கும். செபரேஸ் எனும் நொதி, ஜோடியைச் சேர்த்துப் பிடித்திருக்கும் புரதத்தை வெட்டிவிடும்.

இதில் பிசகினால் புதிய உயிரணுவில் குரோமோசோம் கூடலாம், குறையலாம். பல புற்றுநோய்களில் அப்படித்தான் காணப்படுகிறது.

உயிரணுப் பிரிவை முறைப்படுத்தும் முக்கியப் புரதங்களைக் கண்டறிந்ததற்காக ஹார்ட்வெல், ஹன்ட், நர்ஸ் மூவரும் 2001இல் நொபெல் பரிசு பெற்றனர்.

மருந்து எங்கே கைவைக்கிறது?

டியூபுலினில்தான். வின்கிரிஸ்டின் அதைப் பிடித்துக்கொண்டால் நுண்குழாய்கள் உருவாக முடியாது. கட்டுப்பாட்டுப் புரதங்கள் 'நில்' என்று சொல்லிக்கொண்டே இருக்கும். பிரிய முடியாமல் நின்ற உயிரணு பெரும்பாலும் மடிந்துவிடும். வேகமாகப் பெருகும் புற்றுநோய் உயிரணுக்களுக்குத்தான் அடி அதிகம்.

சிக்கல் என்னவென்றால், நரம்புகளுக்கும் நுண்குழாய்கள் தேவை. நீண்ட நரம்பிழைகளுக்குள் சரக்குகள் போய்ச்சேரும் தண்டவாளமே அவைதான். அதனால் சிகிச்சை பெறும் பிள்ளைகளுக்குக் கைகால் மரத்துப்போகலாம், மலச்சிக்கலும் வரலாம்.

எவ்வளவு சிகிச்சை போதும்?

சிங்கப்பூரும் மலேசியாவும் இணைந்து நடத்திய 'மா-ஸ்போர் 2003' ஆய்வு இதைத்தான் ஆராய்ந்தது. சிகிச்சைக்குப் பின் உடலில் எஞ்சியிருக்கும் புற்றுநோய் உயிரணுக்களை அளந்து, நன்றாகக் குணமாகிவரும் பிள்ளைகளுக்குச் சிகிச்சையின் கடுமையைக் குறைத்தார்கள். அப்படிக் குறைத்தும் அவர்களுக்கு நல்ல பலன் கிடைத்ததை 2012இல் வெளியான முடிவுகள் காட்டின.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். நித்தியகல்யாணி நச்சுச் செடி. மருத்துவர் தரும் வின்கிரிஸ்டின், சுத்திகரித்து, நுணுக்கமாக அளந்து, ரத்தக்குழாய் வழியாகச் செலுத்தப்படுவது. இலையைப் பறித்துக் கஷாயம் வைத்துக் குடிப்பது மருந்தாகாது, ஆபத்து!