‘செவிலியர்’ என்னும் பெயர் யாருக்கு உரியது?

ஒரு தொழிலைச் சட்டம் இரு வழிகளில் காக்கலாம். அத்தொழிலைச் செய்யும் உரிமையையே பதிவு பெற்றோருக்கு ஒதுக்குவது ஒன்று. அதன் பெயரை மட்டும் அவர்களுக்கு உரியதாக்குவது மற்றொன்று. செவிலியர் பதிவுக்கெனத் தனிச்சட்டத்தை 1901இல் முதலில் இயற்றிய நாடு நியூசிலாந்து. ஆஸ்திரேலியாவில் ‘நர்ஸ்’ என்ற சொல்லே காக்கப்பட்டது; பதிவின்றி அதைச் சூடிக்கொள்வோருக்கு மூன்றாண்டு வரை சிறை உண்டு. பிரிட்டனில் 1919இலேயே பதிவுச் சட்டம் வந்தபோதும், ‘பதிவு பெற்ற நர்ஸ்’ என்பதற்குக் கிடைத்த காப்பு ‘நர்ஸ்’ என்ற தனிச்சொல்லுக்கு நெடுங்காலம் கிடைக்கவில்லை.

சென்னை மாகாணம் 1926இலேயே செவிலியர், மருத்துவச்சியர் பதிவுக்குச் சட்டம் கண்டது. 1947ஆம் ஆண்டின் இந்திய செவிலியர் குழுமச் சட்டம் பயிற்சித் தரத்தைச் சீராக்க வந்தது. அதற்கு மாற்றாக நாடாளுமன்றம் 2023இல் இயற்றிய தேசிய செவிலியர், மகப்பேறு செவிலியர் ஆணையச் சட்டம், பதிவேட்டில் இல்லாதோர் தகுதி பெற்ற தொழில்முறையினராகப் பணிபுரிவதைத் தடுக்கிறது. மீறினால் ஓராண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஏட்டில் உள்ளது இது. நடைமுறையோ வேறு. சிறு தனியார் மருத்துவமனைகள் பல, ஆறு மாதமோ ஓராண்டோ பயின்ற உதவியாளர்களுக்குச் சீருடை அணிவித்து ‘சிஸ்டர்’ ஆக்கிவிடுகின்றன. அப்படி வருவோரில் நம் சேரிகளின் முதல் தலைமுறைப் பெண்கள் ஏராளம். மூன்றாண்டு டிப்ளமோவுக்கோ நான்காண்டுப் பட்டத்துக்கோ கட்டணம் கட்ட இயலாத குடும்பங்களுக்கு, பேருந்து நிலையச் சுவரொட்டியில் காணும் ‘நர்சிங்’ என்ற சொல்லே நம்பிக்கை. ஊசி போடுவதும் இரவுப்பணி பார்ப்பதும் செவிலியராக. சம்பளம் வாங்குவது மட்டும் உதவியாளராக. நோயாளிக்கு ஏதேனும் நேர்ந்தால், ‘தகுதியற்றவர்’ என்று முதலில் கைகாட்டப்படுவதும் அவரே. அவரை அந்தப் பணியில் அமர்த்திய நிர்வாகத்தையே வழக்கில் முதல் எதிரியாக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

பெயருக்கும் ஊதியத்துக்கும் நேரடித் தொடர்புண்டு. உச்சநீதிமன்றத்தின் 2016ஆம் ஆண்டு உத்தரவின்பேரில் அமைந்த குழு, ஐம்பதுக்கும் குறைவான படுக்கைகள் கொண்ட தனியார் மருத்துவமனையிலும் செவிலியருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது எனப் பரிந்துரைத்தது. பதிவெண் இல்லாதவர் அந்தப் பரிந்துரையைக் காட்டிப் பேரம் பேசவும் இயலாது.

இன்னொரு கேள்வியும் உண்டு. பதிவேடு வருமுன் பிரசவம் பார்த்தவர்கள் யார்? தமிழகத்தில் நாவிதர் சமூகத்து மருத்துவச்சிகள். வட இந்தியாவில் பெரும்பாலும் தலித் பெண்கள். ‘தீட்டு’ என்று ஒதுக்கப்பட்டவரை அது அவர்களின் சாதிக்கடமை. மதிப்புமிக்க தொழிலாகி, பட்டமும் பதிவெண்ணும் வந்தபோது அவர்கள் வெளியே நின்றார்கள். பதிவேட்டை நாங்கள் எதிர்க்கவில்லை. நோயாளியின் உயிருக்கு அது அரண். அதற்குள் நுழையும் கட்டணம்தான் எங்கள் வழக்கு.

கல்லூரியில் சேரும் முன் அந்தப் படிப்பு மாநிலச் செவிலியர் குழுமத்தில் பதியத் தகுதி தருமா என்பதை எழுத்தில் கேளுங்கள். ஏற்கெனவே பணியில் இருப்போர் நியமன ஆணை, இரவுப்பணிப் பட்டியல், சம்பளச் சீட்டு ஆகியவற்றின் நகல்களைத் தம்மிடம் வைத்திருக்க வேண்டும். எந்தப் பெயரில் அமர்த்தி எந்த வேலையை வாங்கினார்கள் என்பதை நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க அவையே பயன்படும்.