மூவாயிரம் பவுண்டில் தொடங்கிய பறவைச் சந்தை

1989 பிப்ரவரி. இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில், மெய்ட்ஸ்டோன் அருகே ஒரு டெஸ்கோ கடையின் கார் நிறுத்துமிடம் நிரம்பி வழிந்தது. வந்தவர்களில் பெரும்பாலோர் கடைப்பக்கம் திரும்பவே இல்லை. கழுத்தில் பைனாகுலர், தோளில் முக்காலியோடு டெலஸ்கோப். பக்கத்துக் குடியிருப்பின் வேலியோரச் செடிகளில், அட்லாண்டிக்கின் அந்தக் கரையிலிருந்து வழிதவறி வந்த ஒரு குருவி பூச்சி பொறுக்கிக்கொண்டிருந்தது. உச்சந்தலையிலும் சிறகிலும் மஞ்சள், தொண்டையில் கறுப்பு. மொத்த நீளம் ஒரு சாண்கூட இல்லாத பொன்சிறகுக் கதிர்க்குருவி. தபால் போடப் போன ஒரு பறவை ஆர்வலரின் கண்ணில் பட்டு, செய்தி பரவி, வார இறுதியில் சில ஆயிரம் பேர் திரண்டுவிட்டார்கள். பிரிட்டனில் அந்த இனம் அதற்கு முன் பதிவானதில்லை.

அதே ஆண்டு ஆகஸ்டில், அங்கிருந்து வடக்கே ரட்லண்ட் என்ற குட்டி மாவட்டத்தில் முதல் பிரிட்டிஷ் பறவைச் சந்தை நடந்தது. பறவை விற்கிற சந்தை அல்ல. பறவை பார்க்கிறவர்களின் சந்தை. வழிகாட்டியோடு நடை, கூடாரத்தில் பேச்சு, கடை, ஓவியம், வினாடி வினா எல்லாம் சேர்ந்த வார இறுதித் திருவிழா. இன்று உலகின் பல மூலைகளில் நடக்கிற பறவைத் திருவிழாக்களுக்கு இதுதான் பெரிய அண்ணன்.

இப்படி ஒரு கூட்டம் ஒரே நாளில் உருவாகிவிடாது. அதற்குச் சரியாக நூறு ஆண்டுகளுக்கு முன், 1889-இல், மான்செஸ்டரை ஒட்டிய டிட்ஸ்பரியில் எமிலி வில்லியம்சன் என்ற பெண்மணி ஒரு சங்கம் தொடங்கினார். இறகு செருகிய தொப்பி அணிய மாட்டோம் என்று உறுதி எடுத்த பெண்களின் சங்கம். அதுதான் பின்னால் அரச பட்டயம் பெற்று ஆர்.எஸ்.பி.பி. என்ற பறவைப் பாதுகாப்புச் சங்கம் ஆனது, 1997-இல் அதன் உறுப்பினர் எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தொட்டது. அமெரிக்காவிலும் அதே 1889-இல் ஃபுளோரன்ஸ் மெரியம் என்ற இளம்பெண், நாடகக் கண்ணாடி வழியே பறவை பார்ப்பது எப்படி என்று ஒரு புத்தகம் எழுதினார். அதற்கு முன்பே, 1886-இல், ஸ்மித் கல்லூரியில் படிக்கும்போது சக மாணவிகளைப் பறவை பார்க்க நடத்திக் கூட்டிப் போனவர் அவர். இன்று திருவிழா நிகழ்ச்சி நிரலில் ‘வழிகாட்டியுடன் காலை நடை’ என்று அச்சாகிற வரிக்கு வயது அவ்வளவு. இந்தப் பொழுதுபோக்கைக் கட்டி எழுப்பியதில் பெண்களின் பங்கு பெரிது. சட்டைப்பை நிறைந்த மேலங்கி போட்ட ஆண்கள் பிறகு வந்து முன்வரிசையைப் பிடித்துக்கொண்டார்கள்.

1980-களில் பிரிட்டனில் பறவை பார்ப்பவர்களுக்குக் கார் இருந்தது, ஓய்வு நாள் இருந்தது, நல்ல லென்ஸ் இருந்தது. ஒன்றுகூட ஓர் இடம்தான் இல்லை. இருந்த ஒன்று நார்ஃபோக் கடற்கரையில் க்ளே கிராமத்து நான்சி கஃபே. அங்கே சாப்பிட உட்கார்ந்தவர், ஃபோன் அடித்தால் எழுந்து எடுத்து, எந்த ஊரில் என்ன அபூர்வப் பறவை வந்திருக்கிறது என்று யாரோ முகம் தெரியாதவருக்குச் சொல்ல வேண்டும். அதுதான் மேஜை தர்மம். 80-களின் கடைசியில் அந்தக் கஃபேயும் மூடிவிட்டது. தகவல் சொல்லக் கட்டணத் தொலைபேசிச் சேவைகள் வந்துவிட்டன. செய்தி வேகமாக வந்தது. முகம் பார்த்துப் பேசுகிற இடம் போய்விட்டது.

இனி ரட்லண்ட். சந்தை நடந்தது அங்குள்ள ஓர் ஏரியின் கரையில். அந்த ஏரி இயற்கை தந்ததல்ல. கிழக்கு இங்கிலாந்தின் வளரும் நகரங்களுக்குக் குடிநீர் வேண்டும் என்று 1970-களில் க்வாஷ் என்ற சின்ன ஆற்றின் குறுக்கே எம்பிங்ஹாமில் மண் அணை கட்டினார்கள். வெல்லண்ட், நென் என்ற இரண்டு பெரிய ஆறுகளிலிருந்து தண்ணீரை இறைத்து நிரப்பினார்கள். பள்ளத்தாக்கின் விளைநிலம் போயிற்று. நெதர் ஹாம்பிள்டன் என்ற சிற்றூர் முழுகியது. உள்ளூர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை, எதிர்த்தார்கள். அணை வந்தே தீரும் என்றானபின் நடந்த ஒரு காரியம்தான் நம் கதைக்கு முக்கியம். தண்ணீர் ஏறுவதற்கு முன்பே, ஏரியின் மேற்கு முனையை இயற்கை அறக்கட்டளை ஒன்றிடம் ஒப்படைத்து, பறவைகளுக்கென்று வடிவமைக்க விட்டார்கள்.

அங்கே செய்த வேலை எளிமையானது, ஆனால் கெட்டிக்காரத்தனமானது. குடிநீர் ஏரியின் மட்டம் கோடையில் இறங்கும், மழையில் ஏறும். அதை நம்பிக் கரையோரத்தில் எதுவும் வாழ முடியாது. அதனால் மேற்கு முனையில் குறுக்குக் கரைகள் போட்டுத் தனித் தனித் தாங்கல்களாகப் பிரித்தார்கள். பெரிய ஏரி வற்றினாலும் தாங்கலில் தண்ணீர் நிற்கும். தேவைப்பட்டால் கொஞ்சம் வடித்து, உள்ளான்கள் இரை தேடச் சேற்றுத் திட்டு காட்டலாம். இப்போது குளிர்காலத்தில் பல்லாயிரம் வாத்துகள் அங்கே இறங்குகின்றன. 1991-இல், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்ற ராம்சார் தகுதியும் கிடைத்தது.

1975-இல் அந்தக் காப்பகத்துக்குப் பொறுப்பாளராக வந்தவர் டிம் ஆப்பிள்டன். அவரும் ஆர்.எஸ்.பி.பி.யில் இருந்த மார்ட்டின் டேவிஸும் சேர்ந்து தொடங்கியதுதான் சந்தை. உள்ளூர் மதுக்கடை மேஜையில் பிறந்த யோசனை என்றே அங்கே சொல்வார்கள். நம்பக்கூடியதுதான், அந்த நாட்டில் பாதி சங்கங்கள் அப்படிப் பிறந்தவை.

யோசனையின் மூளை எங்கே இருந்தது என்றால், இடத்தில். பைனாகுலர் வாங்க நகரத்துக் கடைக்குப் போனால் வாசலில் நின்று எதிர்க்கடைப் பெயர்ப்பலகையைத்தான் பார்க்க முடியும். அதை வைத்து, நல்ல மோட்டார் சைக்கிள் விலை கேட்கிற ஒரு கண்ணாடியை எப்படி வாங்குவது? ஏரியோர எகில்டன் கிராமத்து வயலில் கூடாரம் போட்டால் நிலைமை வேறு. லைக்கா, ஸைஸ், ஸ்வரோவ்ஸ்கி எல்லாவற்றையும் வரிசையாக முக்காலியில் நிறுத்தி, திறந்தவெளியில் பறக்கிற பறவையைப் பார்த்தே ஒப்பிடலாம். வியாபாரிக்கு லாபம், வாங்குகிறவருக்கு நிம்மதி. வியாபாரி வந்தால் கூடார வாடகை வரும். கூட்டம் வந்தால் நுழைவுக் கட்டணம் வரும். அந்தப் பணம் அமைப்பாளர் கையில் தங்காமல் எங்கோ ஒரு பறவையைக் காக்கப் போகும். இந்தக் கடைசி வரிதான் ரட்லண்டின் கண்டுபிடிப்பு. கூடாரமும் பேச்சும் எந்த ஊர் விவசாயக் கண்காட்சியிலும் உண்டு.

முதல் சந்தையில் மிஞ்சியது 3,000 பவுண்டு. அன்றைய மதிப்பில் நம் ரூபாய்க்கு ஒரு லட்சம்கூட வராது. அது மால்டாவுக்குப் போனது. சிசிலிக்குத் தெற்கே மத்தியதரைக் கடலில் கிடக்கும் சின்னத் தீவு நாடு அது. ஆப்பிரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே போய்வருகிற பறவைகள் இளைப்பாற இறங்கும் இடம். இறங்கினால் துப்பாக்கியும் வலையும் காத்திருக்கும். காடை, புறா, தேன் பருந்து எதற்கும் விலக்கில்லை. அந்தக் கொலையை நிறுத்தச் சொல்லும் பிரசாரத்துக்கு, சர்வதேசப் பறவைப் பாதுகாப்புக் கவுன்சில் வழியாக முதல் பணம் சேர்ந்தது. அந்தக் கவுன்சில்தான் 1993-இல் பேர்ட்லைஃப் இன்டர்நேஷனல் என்று பெயர் மாறியது.

அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் ஓர் இடம் அல்லது ஒரு பறவை. டான்யூப் கழிமுகம், ஸ்பெயினின் புல்வெளி, போலந்தின் சதுப்பு நிலம், வியட்நாமின் காடு. 2000-இல் அல்பட்ராஸ் என்ற பெரிய கடற்பறவை. ஆயிரக்கணக்கான தூண்டில்முள் கட்டிய நீண்ட கயிற்றை மீன்பிடிக் கப்பல் கடலில் விடும்போது, இரையென்று பாய்ந்த அல்பட்ராஸ் முள்ளில் மாட்டி, கயிறோடு மூழ்கிச் சாகும். தடுக்கிற வழியோ மலிவு: கப்பலின் பின்புறம் வண்ண நாடாக்கள் படபடக்கும் ஒரு கயிறு கட்ட வேண்டும், தூண்டில் சீக்கிரம் அமிழ எடை சேர்க்க வேண்டும், முடிந்தால் இரவில் கயிறு விட வேண்டும். கருவி கையில் இருந்தது; கப்பல்காரர்களை ஒப்புக்கொள்ள வைக்கத்தான் ஆளும் பணமும் தேவைப்பட்டது.

2002-இல் சுமத்ராவின் தாழ்நிலக் காடு. அன்றைய இந்தோனேசியச் சட்டப்படி, வெட்டுவதற்கென்று ஒதுக்கிய காட்டை வெட்டாமல் வைத்திருக்கவே உரிமம் கிடையாது. அந்த விதியை மாற்ற வைத்து, காட்டைச் சீராக்கவும் உரிமம் உண்டு என்று கொண்டுவந்ததால், ஏறக்குறைய 1 லட்சம் ஹெக்டேர் பரப்பில் ஹராப்பான் காடு பிழைத்தது. அந்த நீண்ட வேலைக்கு விதைப்பணம் ரட்லண்ட் வயலில் வசூலானது. 2005-இல் குர்னி பிட்டா. நம் ஆறுமணிக் குருவிக்கு ஒன்றுவிட்ட சொந்தம். தாய்லாந்திலும் மியான்மரின் தென்கோடியிலும், எண்ணெய்ப் பனைத் தோட்டங்களுக்கு அஞ்சி ஒதுங்கியிருந்த பறவை. 2018-இல் அர்ஜென்டினாவின் மார் சிக்கிட்டா உப்பேரி. பூநாரைகள் கூடும் அந்த ஏரி 2022-இல் அன்செனூசா தேசியப் பூங்கா ஆயிற்று. எல்லா ஆண்டும் சேர்த்தால் 50 லட்சம் பவுண்டைத் தாண்டும்.

சந்தை நடந்த காலத்தில் அந்த மூன்று நாள் எப்படி இருக்கும்? மழை பெய்தால் வயல் சேறாகும்; ரப்பர் பூட்ஸ் இல்லாமல் வந்தவரை முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். காரை ஒழுங்குபடுத்துவது முதல் குப்பை பொறுக்குவது வரை தன்னார்வலர்கள். ஓவியர் கூடாரத்தில் ஒரு பெரிய பலகையில் பலர் கூடி, அந்த ஆண்டின் பறவைகளையும் காட்டையும் தீட்டிக்கொண்டிருப்பார்கள். வெள்ளிக்கிழமை கோட்டோவியமாக இருப்பது ஞாயிறு மாலை முடியும். பேச்சுக் கூடாரங்களில் காலை முதல் ஆள் மாற்றி ஆள். ராக் இசைக்கு கிளாஸ்டன்பரி திருவிழா போல, பறவைக்காரர்களுக்கு இது என்று பத்திரிகைகள் எழுதின. 2010-களில் வந்தவர்கள் 20,000 பேருக்கு மேல்.

இவ்வளவு இரைச்சலுக்கு நடுவே எனக்குப் பிடித்த பகுதி, தாங்கல் ஓரமாகப் போகும் நடைதான். ஆகஸ்டு வாத்து பார்க்க மோசமான மாதம். ஆண் வாத்துகள் வண்ண இறகை உதிர்த்துவிட்டு, பெண்ணைப் போலவே மங்கலான பழுப்பில் திரியும். சிறகின் நீண்ட இறகுகளும் விழுந்துவிடுவதால் சில வாரம் பறக்கவும் முடியாது. பலகைக் குடிலுக்குள் பெஞ்சில் உட்கார்ந்து, கண் மட்டத்துச் சன்னல் வழியே பார்த்தால் எதிரே நூறு பழுப்பு வாத்து. புத்தகத்துப் படத்தோடு ஒன்றும் ஒத்துப்போகாது. வழிகாட்டி அப்போது சொல்வது: நிறத்தை மறந்துவிடுங்கள், அலகைப் பாருங்கள். கரண்டி போல் அகன்று, தலைக்கே பாரமாகத் தெரிகிறதா, அது தட்டைவாயன். அலகு சாதாரணம், ஆனால் சிறகை உதறும்போது பின்னோரத்தில் சின்ன வெள்ளைச் சதுரம் மின்னுகிறதா, அது கருவால் வாத்து. பறவை கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. குளிர்காலத்தில் பளபளப்பான வாத்தைப் பார்த்துப் பெயர் சொல்ல யாரும் தேவையில்லை.

ஆகஸ்டுக்குப் பின்னாளில் சேர்ந்த இன்னொரு சிறப்பு விரால் அடிப்பான். நம் பழவேற்காட்டில் குளிர்காலத்தில் மீன் பிடிக்கிற அதே இனம். வேட்டையாலும் முட்டை திருட்டாலும் இங்கிலாந்தில் அற்றுப்போயிருந்தது. 1996 முதல் ஸ்காட்லாந்திலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து ரட்லண்டில் வளர்த்துப் பறக்கவிட்டார்கள். அவை மேற்கு ஆப்பிரிக்கா போய்த் திரும்பின. 2001-இல் அங்கேயே முதல் குஞ்சு பொரித்தது. ஆகஸ்டு நடுவில் அவை தெற்கே கிளம்பத் தயாராகும் நேரம். சந்தைக்கு வந்தவர்கள் படகேறிப் போய்ப் பார்க்க முடிந்தது.

சந்தைப் பணம் போன இடமெல்லாம் வெற்றி என்று எழுதினால் பொய். முதல் 3,000 பவுண்டு போன மால்டா 2004-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. வசந்தகால வேட்டையை அனுமதித்தது தவறு என்று 2009-இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆனாலும் 2015 பொது வாக்கெடுப்பில் வேட்டைக்காரர்கள் மயிரிழையில் வென்றார்கள். குர்னி பிட்டாவும் தப்பிவிட்டது என்று சொல்வதற்கில்லை.

2019 தான் அந்தச் சந்தையின் கடைசி ஆண்டு. கொரோனாவில் 2020 நின்றது. இனி நடத்துவதில்லை என்று காப்பகத்தை நடத்தும் அறக்கட்டளை அறிவித்துவிட்டது. பறவையைக் காக்கப் பணம் திரட்டுகிற கூடாரத்திலேயே கண்டம் தாண்டும் விமானச் சுற்றுலாவையும் விற்கலாமா என்ற கேள்வி சந்தையின் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. அது நியாயமான கேள்வி, கூடாரத்தில் யாரிடமும் முழுப் பதில் இல்லை. ஆப்பிள்டன் விடவில்லை. 2022 ஜூலையில் ‘குளோபல் பேர்ட்ஃபேர்’ என்ற பெயரில் ரட்லண்டிலேயே ஓக்கம் என்ற ஊரில் மறுபடி தொடங்கினார். மறு ஆண்டே அது ஏரியின் தென்கரை மேட்டுக்கு வந்துவிட்டது.

பறவைத் திருவிழா ஏதாவது ஒன்றுக்கு நீங்கள் டிக்கெட் வாங்க நேர்ந்தால், இந்த ஆண்டுப் பணம் எங்கே போகிறது என்று நுழைவாயிலில் கேளுங்கள். பதிலில் ஒரு காட்டின் பெயரோ ஏரியின் பெயரோ இருக்க வேண்டும்.