கடுக்காயும் பேரேடும்

ஆறாத புண்ணுக்கும் மலச்சிக்கலுக்கும் கடுக்காய் நாட்டு மருந்து. வருசநாடு, மேகமலைக் காடுகளில் அதைப் பறித்து வந்தவர்கள் பளியர்கள். 1882இன் சென்னை வனச் சட்டம் காடுகளைக் காப்புக்காடுகளாக்க வழிசெய்தது. அதற்குப் பின் மருந்து ‘சிறு வனமகசூல்’ ஆயிற்று, குத்தகைக்குப் போயிற்று, தோல் பதனிடும் சரக்காகக் கப்பலும் ஏறிற்று. கணக்கில் எடை உண்டு, விலை உண்டு. எந்த மரம், எந்தப் பருவம், எந்த நோய் என்று அறிந்தவனுக்குப் பத்தி இல்லை. அவன் வெறும் கூலி.

2006இன் வன உரிமைச் சட்டம் மகசூலின் உடைமையோடு மரபறிவின் மீதும் சமூகத்துக்கு உரிமை உண்டென்று ஒப்புக்கொண்டது. இடையில் 124 ஆண்டுகள். இதற்குள் பளியரில் பலர் ஏலத்தோட்டக் கூலிகளாகிவிட்டனர். வங்கியில் பேரேடு எழுதுகிறவன் நான். விட்டுப்போன தொகையைப் பின்னால் வரவு வைக்கலாம். சொல்லாமல் செத்துப்போன கிழவனின் அறிவை எந்தப் பக்கத்தில் எழுதுவது?