டில்லியில் பேசாது நின்ற கல்

உறவினர் டில்லிக்கு வந்தால் செங்கோட்டையையும் குதுப் மினாரையும் காட்டி அனுப்பிவிடுகிறோம். டில்லி வாயிலுக்கு அருகேயுள்ள பிரோஸ் ஷா கோட்லாவுக்கும் ஒரு பொழுதை ஒதுக்கலாம். பக்கத்துக் கிரிக்கெட் மைதானத்தை அறிந்தவர்களில் பலர் இக்கோட்டைக்குள் கால் வைத்ததில்லை.

இடிந்த மாடக் கட்டடத்தின் உச்சியில் அசோகரின் தூண் நிற்கிறது. 42 அடிக்கு மேற்பட்ட ஒற்றைக் கல். 1351 முதல் 1388 வரை ஆண்ட பிரோஸ் ஷா துக்ளக், இன்றைய ஹரியானாவிலுள்ள தோப்ராவிலிருந்து இதனைக் கொணர்வித்தார். இலவம் பஞ்சின்மீது சாய்த்து, 42 சக்கர வண்டியில் ஏற்றி, யமுனையில் படகுகளில் கொண்டுவந்த செய்தியை, அப்போது சிறுவராயிருந்த ஷம்ஸ்-இ-சிராஜ் அபீப் பிற்காலத்தில் விரிவாக எழுதிவைத்தார். இத்தனை பாடுபட்டும் எழுத்து மட்டும் வசப்படவில்லை. அழைக்கப்பட்ட பண்டிதர்களாலும் அதனைப் படிக்க இயலவில்லை. வடநாட்டிற்கு வந்த புதிதில் பேருந்துப் பலகையைப் படிக்கத் தெரியாமல் நின்ற நமக்கு அவர்கள் நிலை புரியும்! 1837-இல் ஜேம்ஸ் பிரின்செப் பிராமி எழுத்தின் புதிரை விடுவித்த பின்னரே கல் பேசிற்று.

பேசியது போர் வெற்றியையன்று. மனிதருக்கும் விலங்குகளுக்கும் நிழல் தர வழியோரம் ஆலமரம் நட்டதையும், மாந்தோப்பு வைத்ததையும், கிணறு தோண்டியதையும் சொல்லும் ஏழாம் சாசனம், முழுமையாக இத்தூணில் மட்டுமே உள்ளது.

கீழே, வியாழக்கிழமைதோறும் மக்கள் ஜின்களுக்கு மனு எழுதி, பாழடைந்த சுவரின் மாடங்களில் வைக்கின்றனர். ஒரே மனுவை நகலெடுத்துப் பல மாடங்களில் வைப்பாரும் உளர்.